செவலை போகாத பாதி

சங்கிலியில் கட்டிய நாய் நடந்து நடந்து தரையில் வட்டம் போடும். செவலை பாதி வட்டம்தான் போட்டிருந்தது.

வாசல் தெளிக்க வந்த எழில்மதி வாளியை இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கிலியை மாட்டிய ஆணிக்கு இந்தப் பக்கம், சாலையைப் பார்த்த பக்கம், புல் நசுங்கி மண் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. வீட்டுப் படியைப் பார்த்த பக்கம் ஒரு புல்கூடச் சாயவில்லை. வேப்பமர நிழலும் தண்ணீர்ச் சட்டியும் அந்தப் பக்கம்தான் இருந்தன. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெயிலில் கிடந்த செவலை சட்டியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, வாலை ஒரு தரம் மண்ணில் தட்டியது. எழுந்திருக்கவில்லை.

"தாகத்துல செத்துப்போவடா," என்று சட்டியை அதன் மூக்குக்கு நேரே நகர்த்தி வைத்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தது.

நாயைக் கட்டும்படி ஆனதே மறியலால்தான். எண்பத்தேழில், புரட்டாசி பிறக்கிற சமயம், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் வரைக்கும் வழியெல்லாம் மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எந்நேரமும் இரைந்துகொண்டிருந்த சாலையின் நடுவே காக்கை நடந்துபோனது. இவர்கள் வீட்டை ஒட்டிய வளைவில் நின்ற பழைய புளியமரம்தான் முதலில் விழுந்தது. அதை அகற்ற வந்த போலீஸ்காரர்கள் மேல் செவலை பாய்ந்துவிட்டது. ஒருவர் துப்பாக்கியைத் தட்டிக்காட்டி, "இன்னொரு தபா இது அவுந்து திரிஞ்சுது, நாய்னுகூடப் பாக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரும்பு ஆலையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் அறிவுச்செல்வன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. அன்று சாயங்காலமே மாட்டுச் சங்கிலி ஒன்றோடு வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏங்க, கயிறு போதாதா?"

"கயித்தைக் கடிச்சுப்புடும். சங்கிலின்னா முறுக்கிக்காம நடுவுல சுத்துற வளையம் போட்டுக்கலாம். கழுத்துப்பட்டைக்குள்ள ரெண்டு வெரலு போவணும், பாரு."

"எனக்கு வளையல் வாங்கும்போது இவ்ளோ அளவு பாக்கலியே நீங்க!"

"உன் கை எனக்குத் தெரியாதா? அதுக்கு இன்னாத்துக்கு அளவு?"

நடந்து நடந்து அளந்தான். மதில்சுவர் எட்டக்கூடாது, தாவினால் அந்தப் பக்கம் தூக்கு மாட்டிக்கொள்ளும். கிணற்று மேடை எட்டக்கூடாது. வீட்டுப் படி கண்டிப்பாக எட்டக்கூடாது, குழந்தை சுபஸ்ரீ இப்போதுதான் தவழ்ந்து படிவரைக்கும் வர ஆரம்பித்திருக்கிறாள். நிழலும் தண்ணீரும் எட்ட வேண்டும். எல்லாம் கணக்குப் பண்ணி முடித்தபோது, ஆழமாக இறங்கும் முளை ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. வெட்டுப்பட்டுக் கிடந்த புளியமரத்துப் பக்கம் போனவன் முழங்கை நீள ஆணி ஒன்றைக் கொண்டுவந்தான்.

"மரம் பூரா ஆணி, எழிலு. மத்ததெல்லாம் தொட்டா உதிருது. இது மட்டும் புதுசு கணக்கா இருக்கு."

அதன் கழுத்தில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. நார் என்று சொல்லிக் கத்தியால் சுரண்டிப் போட்டான். சம்மட்டியால் அடித்தபோது ஆணி மண்ணுக்குள் சத்தமே இல்லாமல் இறங்கியது.

மறுநாள் விடிகாலையில் ஆலைக்குப் போனவன் திரும்பவில்லை. சாலையில் தென்படுகிற ஆண்களையெல்லாம் போலீஸ் வேனில் ஏற்றுகிறார்கள், வழி திறந்ததும் வருகிறேன் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினான்.

அந்தப் பாதி வட்டத்தைப் பார்த்த அன்று, பக்கத்துக் கொல்லையில் களை எடுக்கும் கொளஞ்சியம்மாள் தண்ணீர் இறைக்க வந்தாள். ஆணியைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"யம்மா, ஊருல உள்ள பேயெல்லாம் வூட்டுக்கே கூப்ட்டுக்கினியா?"

"இன்னாக்கா சொல்ற?"

"பேய் புடிச்ச பொம்பளைங்க முடிய அறுத்து அந்த மரத்துலதான் வச்சு ஆணி அடிப்பாங்க. என் முடிகூட அதுல இருந்துச்சு. கண்ணாலம் ஆன புதுசுல நான் ஆடாத ஆட்டமா!"

"உனக்கே புடிச்சுதா?"

"அட நீ ஒண்ணு. மாமியார்க்காரி சோறு கம்மியா போடுவா. ஆடினேன். கோழி அடிச்சுக் கொழம்பு வையின்னான் பூசாரி. தின்னேன், எறங்கிடுச்சு."

எழில்மதி சிரித்ததில் இடுப்பிலிருந்த குழந்தையும் சேர்ந்து குலுங்கியது. "அப்ப இதுவும் கோழிக் கொழம்பு கேசுதானா?"

கொளஞ்சியம்மாள் மறுபடி ஆணியைப் பார்த்தாள். "என்துலாம் சுண்டுவெரலு ஆணிம்மா. இது அந்தக் காலத்துது. புள்ள பெத்த பச்ச ஒடம்போட செத்தவ ஒருத்தி, புள்ள கீற வூடா பாத்து வாசல்ல வந்து நின்னுக்கினு இருப்பாளாம். அவளுக்கு அடிச்சதும்பாங்க." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "கத சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீ மூஞ்ச அப்டி வச்சுக்காத. என் வூட்டுக்காரரையே போலீஸ் புடிச்சுக்கினு போயிட்டான், நானே பயப்படல. நாளிக்குப் போயி பாத்துட்டு வரணும்."

அவள் போன பிறகும் எழில்மதி சிரித்த முகத்தோடுதான் இருந்தாள். கல்லூரிவரை படித்தவள். ஆனால் குழந்தைக்கு அன்று வாசலில் சோறு ஊட்டவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மின்சாரம் போனது. செவலை குரைக்கவில்லை, ஊளையிடவில்லை, விசும்பியது. பொறுக்கமாட்டாமல் அவள் போய்ப் பட்டையைக் கழற்றி உள்ளே கூட்டிவந்தாள். அது நேராகப் போய்த் தூளிக்கு அடியில் சுருண்டுகொண்டது. சுபஸ்ரீ தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சங்கிலியும் பட்டையும் வாசல் மண்ணில் கிடந்தன.

அரிக்கன் விளக்கின் மண்ணெண்ணெய் வாடையும், கல்வராயன் மலைப்பக்கம் பெய்த மழையின் ஈரமும், வெட்டுப்பட்ட புளியமரத்தின் புளித்த பச்சை மணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே வேறொன்று மெல்ல நுழைந்ததை அவள் மூக்கு அவளுக்கு முன்பே தெரிந்துகொண்டது. பூண்டு, சுக்கு, மஞ்சள், உலராத துணி, எல்லாவற்றுக்கும் அடியில் ரத்தம். பிள்ளை பெற்ற வீட்டின் வாசனை. அப்போது வாசலில் சங்கிலி நகர்ந்தது.

நாய் இழுத்தால் சங்கிலி சலசலக்கும். இது சலசலக்கவில்லை. மண்ணைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. திரும்பியது. மறுபடி அதே நிதானம். எழில்மதிக்கு அந்த நடை தெரியும். இரவெல்லாம் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே நடந்த நடை அது.

ஜன்னலைச் சாத்தினாள். தூளிக்கடியில் செவலை உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

காலையில் மறு பாதியும் தேய்ந்திருந்தது. அழகான, முழு வட்டம். அறிவுச்செல்வன் அளந்த அளவுக்குள்தான் இருந்தது, படிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. அதுவரைக்கும் சரி. ஆனால் ஆணி நான்கு விரல் மேலே வந்திருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கொளஞ்சியம்மாள் கிளம்புவதற்குள் அவள் குடிசைக்குப் போய்விடலாம் என்று படியில் கால் வைத்தாள். மண்ணில் கிடந்த சங்கிலி ஒரு கண்ணி அசைந்தது. பிறகு அடுத்த கண்ணி. பட்டை தரையைவிட்டு எழும்பி, அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் பக்கம் மெதுவாகத் திரும்பியது. பின்வாங்கிப் படியேறிக் கதவைத் தாழிட்டாள். வெகுநேரம் கதவிலேயே சாய்ந்து நின்றாள். கொல்லைக் கதவைத் திறந்தால் ஆளுயரக் கரும்பு, தண்ணீர் கட்டிய வயல். பிள்ளையோடு அதற்குள் இறங்கினாலும், ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் எங்கே போய் என்ன? நாய்க்காக அடித்த ஆணி அவர்களுக்காகவும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூளியில் விட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தாள். சங்கிலி அசையவில்லை. அவள் அதற்கு வேண்டியவள் இல்லை. சம்மட்டியை எடுத்து ஆணியை மண்ணோடு மண்ணாக அடித்தாள். உள்ளே வந்து பால் கொடுத்தாள். திரும்பிப் போனபோது இரண்டு விரல் எழும்பியிருந்தது. அடித்தாள். சமைக்கவில்லை, தலை வாரவில்லை. கையில் கொப்புளம் வந்து உடைந்தது. மத்தியானம் சாலையில் போன ஒருவர், சங்கராபுரத்துப் பக்கம் மரங்களை எடுத்துவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் வழி திறந்துவிடும் என்று கத்திக்கொண்டே போனார். அறிவுச்செல்வன் வந்துவிடுவான். அதுவரைக்கும் அடித்தால் போதும்.

பொழுது சாய்ந்தது. மலை கறுத்தது.

சம்மட்டியின் காம்பு முறிந்தது.

அவள் மண்டியிட்டு ஆணியின் தலையை இரண்டு கையாலும் அழுத்தினாள். அந்த வாசனை வந்தது. தலைக்கு மேலே காற்று கனத்தது. சங்கிலி எழும்பியது. அவள் தோளை உரசிக்கொண்டு விறைப்பாக நீண்டது. வீட்டை நோக்கி. அதன் முனையில் பட்டை, ஒரு பெண்ணின் கழுத்து இருக்கும் உயரத்தில். வெறும் பட்டை. உள்ளே எதுவும் இல்லை. ஆணி அவள் உள்ளங்கையை மேலே தள்ளியது. அவள் கீழே தள்ளினாள். மேலே. கீழே. உள்ளே சுபஸ்ரீ விழித்துச் சிணுங்கினாள். சங்கிலி அதிர்ந்தது.

"தூங்குடி கண்ணு. தூங்கு. அம்மா இருக்கேன்."

மேலே.

கேட் கிரீச்சிட்டது.

சங்கிலி பொத்தென்று மண்ணில் விழுந்தது.

"எழிலு?" சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தான் அறிவுச்செல்வன். தாடியும் புழுதியுமாக, ஆனால் அவனேதான். அவிழ்ந்த கூந்தலையும் ரத்தக் கையையும் பார்த்து அவன் முகம் வெளிறியது. "ஐயோ, இன்னா பண்ணிக்கினு இருக்க? கையெல்லாம் இன்னா ஆச்சு?"

"தொடாதீங்க. இத விட்டா பாப்பாகிட்ட போயிடும்."

"எது? நாயா?"

"நாய் இல்ல. நாய் உள்ள இருக்கு. நீங்களும் அமுத்துங்க. தயவுசெஞ்சு அமுத்துங்க."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்து, ஒட்டியிருந்த மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினான். "ஒத்தையில உட்டுட்டுப் போனது என் தப்பு. சோறு தண்ணி இல்லாம, பயத்துல... சரிம்மா. நான் வந்துட்டேன் இல்ல? இந்த ஆணிதானே உன்ன இப்டி பண்ணுது?"

"வேணாங்க. புடுங்காதீங்க!"

அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், எடுத்துவிட்டான். ஒற்றைக் கையால் ஆணியை உருவினான். வெண்ணெயிலிருந்து வருவதுபோல வந்தது. "இதோ பாரு. ஒண்ணுமே இல்ல," என்று சாலைப் பக்கம் வீசினான்.

வீட்டுக்குள் தூளிக் கயிறு முனகியது.

செவலை வாலை ஒடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தது. இருவரையும் தாண்டி, திறந்திருந்த கேட்டு வழியாக, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

"பாப்பா முழிச்சுக்கிச்சு போல," என்று சிரித்துக்கொண்டே அவன் படியேறினான். நிலைப்படியில் நின்றான். அப்படியே நின்றான்.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எழில்மதி பார்த்தாள். இடுப்பு உயரத்தில் தொங்க வேண்டிய தூளி, தரையைத் தொட்டும் தொடாமலும் பாரத்தில் தொய்ந்து, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. விளிம்பில் சுபஸ்ரீயின் கொலுசுக் கால் வெளியே கிடந்தது. உதைக்கவில்லை. துணிக்குள் அவளைச் சுற்றி வளைந்த நீளமான முதுகு. உள்ளிருந்து, பசித்த பிள்ளை பால் குடிக்கும் சத்தம்.

மடக். மடக்.

மூச்சு வாங்கி, மறுபடி.