வாடகைத் தாய்மாமன்

பூமியில் கல்யாணம் என்றால், நிலவில் இருப்பவர்கள் குளித்து, பட்டு வேட்டி கட்டி, கட்டிலில் படுத்துக்கொள்வார்கள். மூளைச் சில்லு அவர்களை மண்டபத்தில் காத்திருக்கும் ஒரு தொலையுடலோடு, அதாவது தொலைவிலிருந்து இயக்கும் இயந்திர உடலோடு, இணைத்துவிடும். எல்லாத் தொலையுடலுக்கும் ஒரே முகம், ஒரே குரல். தோள் துண்டில்தான் உறவு எழுதியிருக்கும். வேட்டி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

மாசிலாமணியும் அன்று அப்படித்தான் படுத்தார். தங்கை பூங்கோதையின் மகளுக்கு விருதுநகரில் கல்யாணம். முகூர்த்த நாளாதலால், வாயால் சொன்னாலே இணைத்துவிடும் குரல்வழிச் சேவையில் ஒரே நெரிசல். தாய்மாமன் மாலை போடாவிட்டால் பூங்கோதை ஆயுசுக்கும் பேசமாட்டாள் என்று சொல்லி, மனைவி தெய்வானை அலமாரியில் கிடந்த பழைய முனையத்தை எடுத்துக் கொடுத்தாள். கறுப்புத் திரை, கண் சிமிட்டும் ஒரு கோடு. தொலைவிலுள்ள சேவைக் கணினிக்குக் கட்டளையைக் கையால் தட்ட வேண்டும்.

"அவசரப்படாம அடிங்க," என்றாள்.

'இனை' என்று தட்டினார். அப்படியொரு கட்டளை இல்லை என்றது திரை. 'இணை' என்று திருத்தியவர், மண்டப எண் பதினேழை எழுபத்தொன்றாக்கிவிட்டார். இந்த மண்டபத்துக்கு நீங்கள் புதியவர், முகவரி சரிதானா என்று திரை கேட்டது. மாசிலாமணி படிக்கவில்லை. எது கேட்டாலும் 'ஆம்' என்று தட்டுவது அவர் பழக்கம்.

நாதஸ்வரம் காதைப் பிளந்தது. மாலை போட்டார், ஆசீர்வதித்தார். பார்வையின் ஓரத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்ததால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெண்ணின் அம்மா கையைப் பிடித்து, "தம்பி, தாலி கட்டுறதப் பாத்துட்டுப் போப்பா," என்றபோதுதான் உறைத்தது. பூங்கோதை அவரை அண்ணே என்றல்லவா கூப்பிடுவாள்? நிமிர்ந்தார். யாரோ ஒரு அம்மாள்.

பதறிப்போய் இணைப்பை அறுத்துவிட்டு, மறுபடி சரியாகத் தட்டினார். பதினேழில் தாய்மாமன் உடலுக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது என்று பதில் வந்தது. எழுபத்தொன்றின் அசல் தாய்மாமனுக்கு உடல் கிடைக்காமல், சேவைக் கணினி அவரைக் காலியாயிருந்த பதினேழுக்கு அனுப்பியிருந்தது. அவரையும் சம்மதம் கேட்டுத்தான் அனுப்பியது. அவரும் படிக்காமல் 'ஆம்' தட்டியிருந்தார். இடம் மாறியது தெரிந்த பிறகும், விசேஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார்.

சாயங்காலம் பூங்கோதை அழைத்தாள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மாசிலாமணி தவித்தார். அவள் பேசவே விடவில்லை.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அண்ணே. எப்பவும் வந்த கையோட கிளம்பிருவீங்க. இன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து, என் முட்டிவலியப் பத்தி எவ்வளவு நேரம் கேட்டீங்க!"

தங்கைக்கு முட்டிவலி இருப்பதே மாசிலாமணிக்கு அப்போதுதான் தெரியும்.

"இப்ப வலி எப்படிம்மா இருக்கு?"



"அதத்தான காலையில விவரமாச் சொன்னேன்," என்றாள் பூங்கோதை. "அதுக்குள்ள பழைய அண்ணன் ஆயிட்டீங்களே."