'உப்புக் காற்று' பாட்டை எழுதியது யார்?

பிப்ரவரியில் தென்கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் மால்டாவில் வீட்டுச் சுவரெல்லாம் வியர்க்கும். துணி காயாது, ரொட்டி நமுத்துப் போகும், மனுஷருக்கு எதிலும் பிடிப்பு இருக்காது. அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஜெய்தூன் ஊரின் மாதாகோயிலுக்குப் பின்னால் இருக்கும் மருந்துக்கடைக்குள் டோலோர் மழையில் நனைந்தபடி வந்து நின்றாள்.

"தலைவலியா?" என்று கேட்டுக்கொண்டே லொரேட்டா அலமாரிப் பக்கம் திரும்பினாள். கடை அவளுடையது.

"மாத்திரை வேண்டாம்க்கா. சாவெர் அண்ணன் இருக்காரா?"

இருந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து சாவெர் புஜேயா அந்தக் கடையின் பின்னறையில்தான் இருக்கிறார். கையில் பால் விட்ட டீ, முன்னால் ஒரு தட்டு பஸ்டிட்சி, பாலாடைக்கட்டி வைத்த பலகாரம். லொரேட்டா அவருக்குச் சித்தி மகள். யார் வீட்டுப் பூனை காணாமல் போனாலும் கடத்தலாக இருக்குமோ என்று கண் மின்னும் ஜாதி. அதையும் மிஞ்சிய பைத்தியம் அவளுக்குப் பாட்டுப் போட்டி.

அவளை மட்டும் சொல்லி என்ன செய்ய? ஐரோப்பிய நாடெல்லாம் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி மோதிக்கொள்ளும் அந்த இரவில் எங்கள் தீவில் தெருநாய்கூட வெளியே வராது. இத்தனை வருஷம் அனுப்பியும் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் 'உப்புக் காற்று' போனது. முதலிடம் மயிரிழையில் தப்பியது. அன்றைக்கு அது வாங்கிய புள்ளிகளைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதை எழுதியவர் டோலோரின் அப்பா கார்ம்னு ஸாஹ்ரா. எழுதியவர் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், போன இலையுதிர்காலம் வரைக்கும்.

"சனிக்கிழமை டிவியில பெரிய நிகழ்ச்சிண்ணே. போட்டி ஆரம்பிச்சதுலேர்ந்து அதிகப் புள்ளி வாங்கின பாட்டெல்லாம் வரிசையா போடுறாங்க. நம்ம பாட்டு ஒன்பதாவது," என்றாள் டோலோர். குரலில் பெருமை இல்லை.

"ஒன்பதா? அநியாயம்," என்று லொரேட்டா குறுக்கே விழுந்தாள். "அப்ப ஓட்டுப் போட்ட நாடு எத்தனை, இப்பப் போடுற நாடு எத்தனை? இப்பல்லாம் தும்மினாலே முந்நூறு புள்ளி விழுது. கணக்கா பார்த்தா நம்மது மூணாவது வரணும்."

"லொரேட்டா," என்றார் சாவெர். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பாட்டுக்குக் கீழ அப்பா பேரு வராதாம். விஸ்டின் மாமா பேரைப் போடப் போறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் குடுத்தா மாத்தலாம்னு சொன்னாங்க. ஆதாரத்துக்கு நான் எங்க போவேன்?"

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். கார்ம்னுவும் விஸ்டினும் வாலிபத்தில் ஓட்டல் ஓட்டலாகச் சேர்ந்து பாடிய சிநேகிதர்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் விஸ்டினுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. போன அக்டோபரில் அவர் மகன் ரெடென்ட், அப்பாவின் படுக்கையோரம் ஒரு பழைய கேசட்டைக் கண்டெடுத்தான். மேலே '1986' என்று எழுதியிருந்தது. உள்ளே விஸ்டினின் குரலில் 'உப்புக் காற்று'. கார்ம்னு சிநேகிதனின் பாட்டைத் திருடிப் பேர் வாங்கிவிட்டார் என்று ரெடென்ட் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். வாத்தியக்குழு மன்றத்தில் கார்ம்னுவின் படத்தைக் கழற்றினார்கள். டிசம்பரில் அவர் நுரையீரல் நோயில் செத்தார். அடக்கத்துக்கு வந்தவர்களைவிடத் தூக்க வந்தவர்கள் அதிகம்.

"உங்க அப்பா என்ன பதில் சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லலண்ணே. அதுதான் என்னால தாங்க முடியல. 'விடும்மா, போகட்டும்'னார். குத்தம் செஞ்சவன்தானே வாயத் திறக்க மாட்டான்னு ஊரு பேசிச்சு. எனக்கு அவர் பேரு வேணும். வேற எதுவும் வேணாம்."

சாவெர் டீயைத் தள்ளி வைத்தார். "பாட்டு எப்ப எழுதினாருன்னு தெரியுமா?"

"நான் பொறக்கும் முன்னாடி. அம்மா அதைப் பாடித்தான் என்னத் தூங்க வைப்பா. ஏழு சரணம். நாலாவதைத் தாண்டி நான் முழிச்சிருந்ததே இல்ல. ஆனா மக சொல்றத யாரு நம்புவா?"

"கேசட்டில் எத்தனை சரணம்?"

லொரேட்டாவின் போனில் அந்தப் பதிவின் நகல் இருந்தது. அது இல்லாத போன் தீவில் ஏது? கித்தாரின் மரத்தில் விரலால் மூன்று தட்டு. பிறகு கித்தாரோடு விஸ்டினின் கனத்த குரல். இரண்டு சரணம், அப்புறம் வார்த்தையில்லாத ஒரு முனகல், பிறகு பல்லவி.

"இந்த முனகல் வரும்போதுதான் உடம்பெல்லாம் புல்லரிக்கும்," என்றாள் லொரேட்டா, கண்ணை மூடிக்கொண்டு. "மெலிதா மேடையில பாடினப்போ நாலு நாடு பன்னெண்டு புள்ளியைத் தூக்கிக் குடுத்ததே இதுக்காகத்தான்."

"மீதி அஞ்சு சரணம் எங்கே?"

"போட்டியில மூணு நிமிஷத்துக்கு மேல பாடக்கூடாதே அண்ணே. அதுக்காக அப்பா வெட்டினார்," என்றாள் டோலோர்.

சாவெர் பதிவை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு, "மெலிதா நம்பர் உன்கிட்ட இல்லாமலா இருக்கும்?" என்று லொரேட்டாவைக் கேட்டார்.

மெலிதா அன்று அந்தப் பாட்டைப் பாடிய பெண். இப்போது சிசிலியில் குடியிருக்கிறாள். அந்த முனகல் யார் யோசனை என்று அவர் கேட்டதும் போனிலேயே சிரித்தாள்.

"யோசனையா? ஒத்திகையில சரணத்தையெல்லாம் கன்னாபின்னான்னு வெட்டிட்டாங்க. ரெண்டாவதுலேர்ந்து நேரா பல்லவிக்குத் தாவணும், எனக்கு வழி தெரியல. வார்த்தை வரல, சும்மா முனகினேன். கார்ம்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, 'அப்படியே வெச்சுக்கோ, வெட்டின காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு'ன்னார். பாவம், நல்ல மனுஷன்."

லொரேட்டா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "பன்னெண்டு வருஷம் முன்னாடி பிறந்த முனகல் எண்பத்தாறுல எப்படி வரும்? கேசட்டு டூப்பு. ரெடென்ட் பய தயார் பண்ணியிருக்கான். இப்பவே டிவிக்காரங்களுக்குப் போன் போடுறேன்."

"குரல் யாருது?"

"விஸ்டின் மாமாவோடது. அதுல சந்தேகமே இல்ல, அந்தக் குரலுக்கு..." அவள் நிறுத்தினாள். "ஆனா அவரால பேசவே முடியாதே. மாத்திரை குடுக்க நான்தானே போறேன். தண்ணி வேணும்னாகூடக் கையைத்தான் காட்டுவார்."

"பேச முடியாது. பாடுவாரா?"

லொரேட்டாவின் முகம் மாறியது. "ஆமாண்ணே. மூளையில அந்தப் பக்கம் அடிபட்டவங்களுக்குப் பேச்சு போகும், பாட்டு போகாது. ஈஸ்டர் அப்போ ஜெபப் பாட்டு முழுசும் பாடினார். தெருவே அழுதுச்சு."

"கேசட்டில் பாட்டைத் தவிர ஒரு பேச்சு இல்லை, கவனிச்சியா? பாடறவன் தொண்டையைக் கனைச்சு ஒரு வார்த்தை சொல்லுவான். அதுகூட இல்லை. சரி, விஸ்டினுக்குக் கை ஒண்ணுதான். அப்ப கித்தார் வாசிச்சது யாரு?"



வியாழக்கிழமை மூவரும் ரெடென்டின் வீட்டுக்குப் போனார்கள். அவன் கதவைப் பாதிதான் திறந்தான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், கையெல்லாம் கிரீஸ்.

"திருடன் மகளுக்கு என் வீட்டுல என்ன வேல?"

"நாக்கை அடக்கிப் பேசு," என்றாள் லொரேட்டா. "உங்கப்பனுக்கு மாத்திரை குடுக்க மட்டும் நாங்க வேணுமா?"

சமையலறையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது; உள்ளே விஸ்டின் தூங்கிக்கொண்டிருந்தார். சாவெர் அசல் கேசட்டைப் போடச் சொன்னார். பாட்டு முடிந்ததும் ரெடென்ட் நிறுத்தக் கை நீட்ட, "இருக்கட்டும், ஓடட்டும்," என்றார்.

கேசட் வெறுமையாக ஓடியது. அப்புறம் ஓர் இருமல். ஆழத்திலிருந்து வரும், முடிவில் விசில் போல இழுக்கும் இருமல்.

"உங்க அப்பாவா, ரெடென்ட்?"

"அவருக்கு இருமல் கிடையாது." சொல்லிவிட்டு ரெடென்ட் அசையாமல் நின்றான். அவன் முகம் வெளுத்தது.

"எங்கே கேட்டிருக்கே?"

ரெடென்ட் கேசட்டை நிறுத்தி வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சொன்னான். "கேசட்டு கிடைச்ச மறுவாரம் கார்ம்னு வந்தார். வழக்கமா வெள்ளிக்கிழமை வருவார், அப்பாவோட உட்கார. நான் திறக்கல. மழையில அரைமணி நேரம் நின்னார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு இந்த இருமலத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."



சாவெர் மெதுவாகப் பேசினார். வழக்கமாக இந்த இடத்தில் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வரும், அன்றைக்கு வரவில்லை.

"கேசட் எண்பத்தாறில் எடுத்ததில்லை. அப்ப பாட்டுக்கு ஏழு சரணம், இந்த முனகலும் கிடையாது. போட்டிக்காக வெட்டின வடிவம்தான் இதில் இருக்கு. பாடினது உங்க அப்பா, பக்கவாதம் வந்ததுக்கப்புறம். ரேடியோவில் கேட்டுக் கேட்டு அவர் மனசில் இருந்ததும் இந்த வடிவம்தான். வாசிச்சது கார்ம்னு, நோய் முத்தினப்புறம். வருஷம் எழுதினது யாரு? உங்க அப்பாவுக்கு வலது கை இல்லை."

"எங்கப்பா எட்டை ரெண்டு தனித்தனி வட்டமாத்தான் போடுவார்," என்றாள் டோலோர், கேசட்டைப் பார்த்து. "இது அவர் எட்டு."

"ஆனா எதுக்கு?" ரெடென்டின் குரல் உடைந்திருந்தது. "தன் பாட்ட இன்னொருத்தர் பாட்டுன்னு காட்ட யாராவது கேசட்டு தயார் பண்ணுவாங்களா?"

"ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தா உங்க அப்பா என்ன செய்வார்?"

"அழுவார். தன் நெஞ்சத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். என்னுதுன்னு. அதனாலதானே நான் நம்பினேன்."

"கார்ம்னு முன்னாலயும் காட்டியிருப்பார். அடிபட்ட மூளை, எதை எங்கே வெச்சோம்னு தெரியாம அடுக்கி வெச்சிருக்கு. இல்லைன்னு சொல்ல அவருக்கு மனசு வரலை. ஆமா, உன் பாட்டுதான்னு தலையாட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை பாட வெச்சுப் பதிவு பண்ணி, ரெண்டு பேரும் சேர்ந்து பாடித் திரிஞ்ச வருஷத்தை எழுதிக் குடுத்தார். அந்த அறைக்குள்ள இருக்க வேண்டிய விளையாட்டுச் சாமான் அது. நீ பத்திரிகைக்குக் கொண்டு போயிட்டே. அவர் வாயைத் திறந்திருந்தா ஒரு நிமிஷத்தில் பேர் திரும்பியிருக்கும். ஆனா அந்தக் கட்டிலில் கிடக்கிறவர் காதுக்கும் அது போயிருக்கும்."

ரெடென்ட் கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். லொரேட்டா அழுதுகொண்டிருந்தாள், துப்புத் துலங்கினால் துள்ளிக் குதிக்கிறவள்.

"நாளைக்குக் காலையில நானே போய் எழுதிக் குடுக்கறேன்," என்றான் ரெடென்ட். டோலோரைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. "ஒண்ணு சொல்லணும். கார்ம்னு போனது அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லல. எப்படிச் சொல்றது? ஏன் வரலன்னு வாசலையே பார்ப்பார்."

டோலோருக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. "பேரு வரணும். உங்க அப்பா மனசு நோகும்னு இனி என்னால விட்டுக் குடுக்க முடியாது. ஏற்கெனவே ஒருத்தர் குடுத்துட்டார்," என்றாள்.

சனிக்கிழமை மாலை அவள் விஸ்டினின் அறையில் உட்கார்ந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ரெடென்ட் டிவியின் கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தான். பிரயோஜனம் இல்லை. ஜெய்தூன் தெருவில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை, எல்லா ஜன்னலிலும் அதே நிகழ்ச்சி. பத்தாவது பாட்டு முடிந்தது. ஒன்பது என்றதும் தெரு முழுக்கக் கைதட்டல். 'உப்புக் காற்று' சுவர்களைத் தாண்டி உள்ளே வந்தது. விஸ்டினும் மெல்லப் பாடினார், ஒரு வார்த்தை தவறாமல்.

பாட்டு நின்றது. தொகுப்பாளினியின் குரல் பத்து வீட்டிலிருந்து ஒன்றாகக் கேட்டது: "இசையும் வரிகளும், கார்ம்னு ஸாஹ்ரா."

விஸ்டின் பாடுவதை நிறுத்தினார். டோலோர் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வருத்தம் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்தப் பேரைக் கேட்டதும் கிழவருக்குச் சிரிப்பு வந்தது. இடது கையால் சட்டைக் காலரைச் சரி பண்ணினார். தலைமாட்டு நாற்காலியில் இருந்த துணிகளைக் கீழே தள்ளி, உட்கார இடம் பண்ணினார். பிறகு வாசலைப் பார்த்தார்.

டோலோர் எழுந்து, அவர் பார்வைக்குக் குறுக்கே போய் நின்றாள். "மாமா," என்றாள். "அப்பா இனிமே வரமாட்டாரு."