இழுத்தால் தண்ணீர் கொட்டும்

என் மகள் ஃபராவுக்கு அப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்தே தசைகளில் வலு கிடையாது. சக்கர நாற்காலியிலேயே வளர்ந்தவள். ஒருநாள் நான் அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது குனிந்தபடியே சொன்னாள்.

"கதவ சாத்திக்கினு நானே குளிக்கணும்மா. ஒரே ஒரு தபா."

அந்தப் பேச்சுக்காகத்தான் எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டின் பாத்ரூமை மாற்றினோம். என் கணவர் காலித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். லீவு போட்டு ஃபராவைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். கண்ணைப் பறிக்கும் ஷவர்கள், கிண்ணம் கிண்ணமாக வாஷ்பேசின்கள். ஃபரா ஒவ்வொன்றிலும் கையை வைத்துப் பார்த்தாள். உருண்டைக் குழாய்கள் விரலில் வழுக்கின. தூக்கித் திறக்கிற குழாய்களுக்கு அவள் மணிக்கட்டில் பலம் இல்லை. கையைக் காட்டினால் தானாக வருகிற குழாய் ஒன்று இருந்தது. எங்கள் தெரு உப்புத் தண்ணீரில் அது ஒரு மாதம் தாங்காது என்றார் கூட வந்த பிளம்பர் செல்வம்.

ஐந்தாவது கடையிலிருந்து வெளியே வந்ததும் ஃபரா, "போதும்மா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை.

செல்வம்தான் ரயில் பாதையோரம் இருக்கும் பழைய சாமான் கிடங்குக்குக் கூட்டிப் போனார். மூடிப்போன கம்பெனிகளின் பைப், மோட்டார், கதவெல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. கிடங்குக்காரர் அலெக்ஸாண்டர் ஒரு தார்ப்பாயை விலக்கினார்.

பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய ஷவர். பக்கத்திலேயே கண் கழுவுகிற தொட்டி. ஷவரிலிருந்து ஒரு கம்பி தொங்கியது. அதன் நுனியில் முக்கோண வளையம்.

"ஆசிட் கம்பெனில வெச்சிருந்தது பாய். மேல இன்னாவாச்சும் பட்டுச்சுன்னா ஓடியாந்து இத்த இழுப்பாங்க. கண்ணு தெரியாதவன்கூட இழுக்கலாம். தொட்டிக்கு முன்னாடி இருக்குற பலகையத் தள்ளுனா போதும், தண்ணி வரும்."

ஃபரா வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்துக் கையைத் தொங்கவிட்டாள். கையின் கனத்துக்கே கம்பி இறங்கியது. தொட்டியின் பலகையை முழங்கையால் தள்ளினாள். அதுவும் நகர்ந்தது. அவள் சிரித்ததைப் பார்த்து காலித் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்த யாராச்சும் இழுத்திருக்காங்களாண்ணே?" என்று கேட்டேன்.

அலெக்ஸாண்டர் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

செல்வம் இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். ஃபரா நைட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லி, தானே குளித்தாள். அரை மணி நேரம் உள்ளே பாட்டுச் சத்தம். நான் வெளியே நின்று அழுதேன்.

எட்டாவது நாள் மத்தியானம் நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபரா கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பாத்ரூமில் ஷவர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது.

வளையம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளிலிருந்து வாடை வந்தது. எண்ணூர்த் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று திரும்பும்போது வருகிற மாதிரி, மூக்கை அறுக்கும் வாடை. செல்வம் வந்து வால்வைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் போன பிறகு கூடத்தைத் துடைக்கக் குனிந்தேன்.

ஈரமான கால் தடங்கள். கூடத்தின் நடுவில் ஆரம்பித்து பாத்ரூமுக்குள் போயின.

திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

"அந்த அக்காதாம்மா," என்றாள் ஃபரா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இழுக்குறாங்க. நமக்கு வருது. அவங்களுக்குத் தண்ணி வர்ல."

அன்றைக்கே கழற்றிவிட வேண்டும் என்றேன். காலித், "அவகிட்ட நீயே சொல்லு உமைமா. என்னால முடியாது" என்றார். என்னாலும் முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை. காலித் தொழுகைக்குப் போயிருந்தார். ஃபரா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அம்மா! எரியுது!"

கதவைத் தள்ளினேன். எங்கள் பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது. ஆனாலும் அது அசையவில்லை. உள்ளே இன்னொரு குரலும் கத்தியது. பெரியவளின் குரல். இரண்டும் சேர்ந்து கத்தின.

செல்வம் விட்டுப்போன சுத்தியலை எடுத்துக் கீலை அடித்தேன். ஐந்தாவது அடியில் கதவு சாய்ந்தது.

வளையம் கடைசிவரை கீழே இழுபட்டிருந்தது. அதைப் பிடித்திருக்க யாரும் இல்லை. கம்பி நடுங்கியது. ஷவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃபராவின் தோள் நெருப்பு பட்டதுபோலச் சிவந்து, அந்தச் சிவப்பு என் கண் முன்னாலேயே கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நாற்காலியோடு இழுத்தேன். தரையில் ஒட்டவைத்த மாதிரி நின்றது. சமையலறைக்கு ஓடினேன். குழாயில் காற்றுதான் வந்தது. ஒரு குடம் தண்ணீர் இருந்தது. தூக்கி வந்து பிள்ளை மேல் ஊற்றினேன். சிவப்பு நிற்கவில்லை. குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்தேன். நிற்கவில்லை. அரிசி ஊறவைத்த பாத்திரம், மீன் கழுவ வைத்த அண்டா, எல்லாம் தீர்ந்தது. கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் கையில் இருந்தது.

"எனக்கு இல்லம்மா!" ஃபரா மூச்சு விட முடியாமல் திணறினாள். "அவங்களுக்கு ஊத்து!"

எந்தத் தாய் ஊற்றுவாள்? பிள்ளை வெந்துகொண்டிருக்கிறது. இருப்பது ஒரு சொம்பு. வெறும் காற்றுக்கு எப்படி ஊற்றுவது?

"அம்மா... அவங்களுக்கு..."

கண்ணை மூடிக்கொண்டு ஷவருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் ஊற்றினேன். "வாம்மா. ஊத்திக்கோ. அல்லா உன் எரிச்சல அணைக்கட்டும்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

தண்ணீர் தரையில் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். சொம்பு காலி. நான் ஊற்றிய இடத்தில் தரை காய்ந்திருந்தது.

வளையம் 'டங்' என்று மேலே போனது. மறு நொடி ஷவர் கொட்டியது. நானும் ஃபராவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் கீழே நனைந்தோம். எங்கள் பக்கத்தில் யாரோ நீளமாக, விம்மி விம்மி மூச்சு வாங்குவது கேட்டது.

அன்று சாயங்காலமே காலித்தும் செல்வமும் அதைக் கழற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். காலித் அலெக்ஸாண்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"பேரு அன்புக்கரசி பாய்," என்றாராம் அவர், தலையைக் கவிழ்த்தபடி. "எர்ணாவூர்ப் பொண்ணு, கான்ட்ராக்ட் வேல. மேல ஆசிட் கொட்டிச்சு. ஓடியாந்து இழுத்துச்சு. அன்னிக்கி எவனோ தண்ணி லைன மூடி வெச்சிருந்தான். ஆளுங்க வர்ற வரிக்கும் கைய எடுக்காம இழுத்துகினே இருந்துச்சாம்."

ஃபராவின் தோளில் தழும்பு எதுவும் இல்லை. சிவப்பு ஒரு வாரத்தில் மறைந்தது. இப்போது செல்வம் நீளக் கைப்பிடி வெல்டு வைத்துக் கொடுத்த குழாயில் தானே குளிக்கிறாள். கதவை மட்டும் சாத்துவதில்லை.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் ஃபராவைக் கை கழுவக் கூட்டிப் போனேன். வரிசையாக வாஷ்பேசின்கள். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவள் கையைக் கழுவிவிட்டு, பக்கத்துப் பேசின் பக்கமாகச் சோப்பைத் தள்ளிவைத்தாள்.

"எதுக்குடி அங்க வைக்கிற?" என்று கேட்டேன்.

அவள் ஈரக் கையை என் பக்கம் நீட்டினாள். நான் அவள் கையைத் துடைக்கத் துண்டை எடுத்துத் திரும்பினேன்.

சோப்பு எங்கள் பக்கம் திரும்பி வந்திருந்தது. அதன் மேல் புது நுரை.