பச்சைநாக்கு

"இதுக்கு வயசு எத்தனட்டி?"

பவழம் நாக்கு நுனியைச் சோற்றுருண்டையில் வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"தொள்ளாயிரத்துப் பதினாலு. நேத்து தந்த அதே சோறுதாம்மா. சீனியப் போட்டு மறைச்சிருக்க."

ஆவுடைத்தாய் மகளின் மூக்கைப் பிடித்து உருண்டையை வாய்க்குள் திணித்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ஐந்து வயதுப் பிள்ளை கண் பிதுங்க விழுங்கியது. விழுங்கிய சோற்றையும் அதற்கு முன் குடித்த தண்ணீரையும் அம்மாவின் மடியிலேயே கக்கியது. கக்கிவிட்டு, தப்புச் செய்தவள் மாதிரி அம்மா முகத்தைப் பார்த்தது.

அடிக்கக் கை எழுந்தது. எழுந்த கையால் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள் ஆவுடை.

முள்ளித்திடலுக்குள் கடல் ஏறி ஆறு நாள் ஆகியிருந்தது. உப்பளங்களுக்கு நடுவே மேடாகக் கிடக்கும் குடியிருப்பு அது. அறுபத்திரண்டு வீடு. எல்லோரும் உப்பு வாருகிறவர்கள். வெளியே போக இருந்த ஒரே கரைச்சாலையைக் கடல் இரண்டு இடத்தில் தின்றுவிட்டது. மீன் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமென்றால், துறைமுகத்து எண்ணெய்த் தொட்டி உடைந்து மீனெல்லாம் செத்து மிதந்தன. ஆளில்லா விமானங்கள் தினமும் வந்து, மாதக்கணக்கில் கெடாத சோற்றுப்பொதி போட்டன. பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைகள் நாற்பத்தொரு பேருக்கும் அது விஷம் மாதிரி.

விஷமில்லைதான். நல்ல சோறு. ஆனால் அதை நாக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே.

அந்த நாக்கைக் கேட்டு வாங்கியவர்களில் ஆவுடையும் ஒருத்தி. நாலு வருஷத்துக்கு முன் இங்கே பிள்ளைகள் பாக்கெட்டில் வரும் முறுக்கையும் கலர்த் தண்ணீரையும் தின்றே வளர்ந்தன. உள்ளங்கை வெளுத்தது. பல் முளைக்கும்போதே சொத்தை. உப்புத் தரையில் கீரை எங்கே முளைக்கும்? பெண்கள் கூடிப் பேசினார்கள். உப்பு வாரி முடித்த பிறகு பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்து மண்ணைத் தலையில் சுமந்து வந்தார்கள். கால் வெடிப்பில் உப்பு, தலையில் மண். இரண்டு வருஷத்தில் ஏழு அடுக்கில் ஒரு தோட்டம் எழும்பியது. தண்டுக்கீரை, தக்காளி, வெண்டை, கொத்தவரை. பார்த்துப் பார்த்துச் சமைத்து வைத்தால், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டுப் பாக்கெட்டைத் தேடின.

அப்போதுதான் பிள்ளைநல ஆய்வகத்துக்காரர்கள் பச்சைநாக்கைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு சொட்டு. அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் பிள்ளையின் நாக்கில் குடியேறிவிடும். பறித்த இலையும் காயும் உடனே சாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூச்சு விடும். அந்த மூச்சு அடங்க அடங்க நுண்ணுயிர்கள் கசப்பைக் கக்கும். பறித்து ஆறு மணி நேரத்துக்குள் தின்றால் கீரைகூடத் தேன். ஒரு நாள் ஆனால் வேம்பு. இரண்டு நாள் ஆனால் வாந்தி. பத்து வயதில் அது தானாக உதிர்ந்துவிடும். பெரியவர்கள் நாக்கில் ஒட்டாது.

பாக்கெட் முறுக்கை ஒரே வாரத்தில் பிள்ளைகள் காறித் துப்பின. தோட்டத்துக்கு ஓடின. பறிக்கப் பறிக்கத் தின்றன. மணிக்கணக்கைச் சொல்ல பால்வாடியில் பழக்கினார்கள். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர்தான் வயசு. "இந்தத் தக்காளிக்கு வயசு ரெண்டு" என்று பவழம் சொன்னதைக் கேட்டு, பார்க்க வந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். அன்றைக்கு ஆவுடைக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

இப்போது ஏழு அடுக்கும் கடல்தண்ணீரில் கருகிக் கிடந்தன. மூட்டையில் இருந்த நெல்லும் பயறும் உப்பில் ஊறி முளை செத்துவிட்டன. முளைவிடும் உயிர் மிஞ்சியிருந்தால் நாக்கு அதையாவது ஏற்றிருக்கும். பாத்தியோரத்து உமரிச்செடியைப் பிள்ளைகள் இரண்டு நாள் மொட்டையடித்தன. உப்பான இலை அது. வயிற்றால் போனதுதான் மிச்சம்.

பால்வாடி வாசலில் ஞானசுந்தரி டீச்சர் ஆய்வகத்தோடு பேச அலைப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர் சொல்லுதாவ?" என்றாள் ஆவுடை.

"நாக்க உதிர்க்க மருந்து இருக்காம். தலைநகரத்துல இருக்காம். படகு வர இன்னும் மூணு நாள் ஆகுமாம்."

"அதுவரைக்கும்?"

"எப்படியாவது சாப்பிட வைங்கன்னு சொல்லுதாவ."

பக்கத்தில் கரைக்காவல் தவசிக்கண் பொதியைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். "சோறு என்னமோ நல்லாத்தான் இருக்கு. பழைய சோத்தத் தின்னு வளந்த நாக்கு எங்களுது. பிள்ளையளுக்கு ராசா நாக்குல்லா வச்சு விட்டிருக்கிய!"

"ஒம்ம பேத்தியும் அங்கதான் சுருண்டு கெடக்கா அண்ணாச்சி," என்றாள் டீச்சர்.

தவசிக்கண் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் பொதியை மூடி வைத்தார்.

ஆவுடை ஒரு பொதியை வாங்கி, பவழத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள். மகள் உப்புக்கூடையில் பாதி எடைகூட இல்லை. தம்பி கரை உடைந்த அன்று டவுனில் மாட்டிக்கொண்டான். அவன் பெண்டாட்டி சுடலி பிள்ளை பெற்று ஒன்பது நாள். காதில் பஞ்சு வைத்து, இடுப்பில் துணி இறுக்கி, மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தின்னுட்டி. நீ தின்னாத்தான் அவனுக்கு."

"அதே சோறா மைனி? தொண்டைக்குள்ள போவ மாட்டேங்கு." சொல்லிக்கொண்டே சுடலி அள்ளித் தின்றாள்.

வந்த வழியெல்லாம் அசையாமல் தோளில் சாய்ந்து கிடந்த பவழம் தலையைத் தூக்கினாள். மூக்கு விடைத்தது. அத்தையின் பக்கம் கை நீண்டது.

"அத்தகிட்ட வயசே இல்லம்மா."

"என்னட்டி உளறுத?"

"வயசே இல்ல. சைபரு."

ஆவுடைக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. சுடலியைப் பச்சை உடம்புக்காரி, பச்சை உடம்புக்காரி என்று ஊரே ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சையைத் தேடி நாற்பத்தொரு நாக்கு வாடிக்கிடந்தது. அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை. ஒன்பது நாள் பிள்ளையின் பாலை ஆவுடை எப்படிக் கேட்பாள்?

சுடலியே பார்த்துவிட்டாள்.

"என்ன மைனி, முழிக்கிய? கொண்டாங்க இங்க." மகனை ஒரு பக்கம் மாற்றிக்கொண்டாள். "வாட்டி, அஞ்சு வயசுக் கழுத. கடிச்சேன்னா மண்டையில ஒரு போடு போட்டுருவேன்."

பவழம் குடித்தாள். கக்கவில்லை. ஆவுடை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தொள்ளாயிரம் மணி நேரத்துச் சோறு சுடலியின் வயிற்றுக்குள் போகிறது. வெளியே வரும்போது வயதில்லாமல் வருகிறது. எந்த ஆய்வகத்திலும் இப்படி ஒரு எந்திரம் கிடையாது.

மறுநாள் பவழம் எழுந்து நடந்தாள். மற்ற பிள்ளைகள் பாயில் கிடந்தன. அது ஒன்று போதாதா?

"ஒம்பிள்ள மட்டும் எப்படிட்டி நடக்கு?" என்று நாலு பெண்கள் ஆவுடையை வழிமறித்தார்கள்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்களோடு சேர்ந்து இரண்டு வருஷம் மண் சுமந்தவள் அவள். தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் சுடலி வீட்டு வாசலில் வரிசை நின்றது. ஞானசுந்தரி டீச்சர் பட்டியல் எழுதினாள். பிள்ளைக்குப் பத்து மிடறு, மோசமாகக் கிடக்கிற பிள்ளைக்குப் பதினைந்து. டீச்சர் எண்ணினாள். எண்ணி முடித்ததும் பிள்ளையைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலை ஆவுடையுடையது. ஊர்ப் பெண்கள் தங்கள் பங்குப் பொதியையும் கொண்டுவந்து சுடலி முன்னால் குவித்தார்கள். "தின்னு தாயி, தின்னு," என்று ஊட்டினார்கள். சுடலி தின்றாள், அழுதாள், மறுபடி தின்றாள். ஒருத்தி ஊரையே சுரந்துவிட முடியுமா?

கடல் ஏறிய எட்டாம் நாள் பாலோடு ரத்தம் வந்தது.

"வயசு சைபர்தான்," என்றது ஒரு பிள்ளை, உதட்டை நக்கிக்கொண்டு.

ஆவுடை அந்தப் பிள்ளையை வெடுக்கென்று பிரித்தாள். "போதும் டீச்சர். இவ செத்துருவா. இவ மவன் காலையிலருந்து கத்துதான், அவனுக்கு ஒரு சொட்டு இல்ல."

"இன்னும் பன்னெண்டு பேர் இருக்கு."

"நிறுத்துங்கன்னு சொல்லுதேன்!"

"அப்ப ஒம்மவளுக்கும் சேத்துத்தான நிறுத்தணும்," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. கோபமில்லாமல்தான் சொன்னாள். பிள்ளையைத் தோளில் போட்டு நின்ற களைப்பில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

சுடலி படுத்தவாக்கில் கையை மட்டும் நீட்டி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் டீச்சர் அலைப்பெட்டியில் எல்லாவற்றையும் சொன்னாள். "தாங்காது சார். உதிர்மருந்த மட்டும் சீக்கிரம் அனுப்புங்க." ஆய்வகத்துக்காரர்கள் விவரம் விவரமாகக் கேட்டார்கள். ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளை? எத்தனை பொதி தின்றாள்? எத்தனை மிடறு வந்தது?

ஒன்பதாம் நாள் காலையில் படகு வந்தது. ஊரே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றது. முதலில் ஆய்வகத்து இளைஞன் இறங்கினான்.

"மருந்து எங்க சார்?" ஆவுடை முந்திக்கொண்டு கேட்டாள்.

"மருந்து வேண்டாம்மா," என்றான் அவன். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "நாக்கை உதிர்த்துவிட்டால் பிள்ளைகள் மறுபடி பாக்கெட்டுக்குப் போய்விடும். நாலு வருஷ உழைப்பு வீணாகிவிடும். நீங்களே வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி எந்தப் புயல் வந்தாலும் பயமில்லை."

அவனுக்குப் பின்னால் நாலு பெண்கள் இறங்கினார்கள். சின்ன வயது. உப்பளத்துக்காரிகள்தான், பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாலு பேர் காதிலும் பஞ்சு. நாலு பேர் ரவிக்கையும் நனைந்திருந்தது. யார் கையிலும் பிள்ளை இல்லை.

முதலில் நின்றவளுக்குக் கால் தடுமாறியது. ஆவுடை அவள் கையைப் பிடித்துக் கரையேற்றினாள். ஆவுடையின் இடுப்பிலிருந்த பவழம் எட்டி அவள் நெஞ்சுப் பக்கம் மூக்கை நீட்டினாள். "சைபர்," என்றாள். பிறகு அவள் விரல்களை மோந்து, முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் கையில ரெண்டாயிரம் வாட அடிக்கும்மா."

அந்தப் பெண் கையை வெடுக்கென்று சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கெளம்பும்போது பிள்ளைக்கு டப்பாப் பால் கலக்கி வச்சிட்டு வந்தேன்க்கா," என்றாள். "பதினோரு நாள் பிள்ளதான். அதுக்கு இன்னும் நாக்கு வைக்கலல்லா, பழசு புதுசு தெரியாதுன்னு சொன்னாவ. கத்திட்டுத்தான் கெடந்தான்."

இளைஞன் டீச்சரின் பட்டியலை வாங்கி, பெயர்களை நாலு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தான். பவழம் பசியில் முனகினாள். மறைத்த கையை விட்டு, நனைந்த ரவிக்கைப் பக்கமே அவள் தலை சாய்ந்தது.

அந்தப் பெண் வெயிலில் கண்ணைச் சுருக்கி வீடுகளைப் பார்த்தாள். புது அளத்தில் வேலைக்கு வந்தவள் கங்காணியிடம் கேட்கிற மாதிரி ஆவுடையிடம் கேட்டாள்.

"எங்கன உக்காரணும்க்கா?"

ஆவுடை அவளைக் கூட்டிப் போனாள். பாயை விரித்துப் போட்டாள்.