நீலக் காருக்கு என்ன ஊற்றுவது?

அன்புசெல்வியின் அம்மா நிர்மலாவிடம் ஒரு நீலக் கார் இருந்தது. பிரான்சில் செய்தது. அம்மாவைவிட வயதில் மூத்தது. யாரோ ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்ததை அம்மா வாங்கி வந்து, பாடுபட்டு ஓட வைத்திருந்தார்.

"கல்யாணத்துக்கு நான் அந்தக் கார்லதான் போவேன்" என்று அம்மாவின் தங்கை சந்திரகலா சித்தி சொல்லிவிட்டாள். சித்தியின் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை அம்மாவும் அன்புவும் காரை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். பக்கத்தில் இருக்கும் கதிர்காமத்தைத் தாண்டுவதற்குள் முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

அம்மா இறங்கிக் குனிந்து பார்த்தார். "ரேடியேட்டர் குழாய் வெடிச்சிருக்கு. தண்ணியெல்லாம் ஒழுகிடுச்சு."

சூடு ஆறும்வரை காத்திருந்து, குழாயில் துணியைச் சுற்றி, தண்ணீர் ஊற்றி, ரெட்டியார்பாளையத்தில் இருந்த தங்கள் வீட்டுக்கு ஊர்ந்து வந்தார்கள். காரை நிறுத்தியதுதான் தாமதம், செவலை என்ற தெருநாய் தன் மூன்று குட்டிகளோடு அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவற்றுக்கு அதுதான் வீடு.

சாயங்காலம் இருவரும் கோவிந்தசாமியின் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். புதுக் குழாய் கிடைத்தது. அடுத்து, இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். அலமாரி நிறைய கலர் கலராகக் கேன்கள்.

"அம்மா, இத வாங்கலாம்! ரோஸ் மில்க் மாதிரியே இருக்கு!"

"கலரப் பார்த்து வாங்க இது பாவாடையாடி? இது புது வண்டிக்குச் செஞ்சது. நம்ம ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஈயம் வெச்சு ஒட்டியிருக்கு. இத ஊத்தினா அரிச்சாலும் அரிச்சிடும்."

கோவிந்தசாமி ஒரு பச்சைக் கேனை எடுத்து வைத்தார். "இது பழைய வண்டிக்குன்னே வருது மேடம். துரு பிடிக்காது. சீக்கிரம் கொதிக்காது. பனியில உறையவும் உறையாது."

"நம்ம ஊர்ல எங்க மாமா பனி உறையுது?" என்றாள் அன்பு.

"அத கேன்ல எழுதினவன்தான் சொல்லணும்" என்று அவர் சிரித்தார்.

அன்பு கேனைத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். விஷம், வளர்ப்பு மிருகங்களுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"மாமா, இதப் போய் எந்த மிருகம் குடிக்கும்?"

"இனிப்பா இருக்கும் பாப்பா. கீழ ஒழுகிக் கிடந்தா நாய் நக்கிடும். கொஞ்சம் உள்ள போனாலே பொழைக்கிறது கஷ்டம்."

அன்பு கேனைத் திரும்ப வைத்துவிட்டாள். எது கிடைத்தாலும் நக்கிப் பார்க்கும் மூன்று குட்டி நாக்குகள் கண்முன் வந்தன.

"அம்மா, இது வேணாம்."

"புதுக் குழாய் மாட்டப்போறோம்ல? இனிமே ஒழுகாது."

"இன்னைக்கு ஒழுகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"



"விஷம் ரொம்பக் குறைச்சலா ஒரு வகை இருக்கு. அதுலயே பழைய ரேடியேட்டருக்கு ஆகுறதும் வருது" என்றார் கோவிந்தசாமி. "ஆனா சென்னையில இருந்து வரணும். அடுத்த வாரம்தான் கிடைக்கும்."

"கல்யாணம் நாளன்னைக்கு இருக்கே!" என்று அம்மா நெற்றியைத் தேய்த்தார்.

அன்பு யோசித்தாள். "அதுவரைக்கும் வெறும் தண்ணி ஊத்தினா என்னம்மா? இங்கதான் பனியே கிடையாதே."

"துரு பிடிக்கும்டி."

"ஒரு வாரத்துலயா?"

அம்மா கோவிந்தசாமியைப் பார்த்தார். அவர் தாடையைச் சொறிந்தார். "பாப்பா சொல்றது சரிதான். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர ஊத்துங்க. ஒரு வாரம் தாங்கும். என்ன, கொஞ்சம் சீக்கிரமே கொதிக்கும். டிராஃபிக்ல மட்டும் மாட்டிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை சரியாக மாட்டிக்கொண்டார்கள். இந்திரா காந்தி சிலை சிக்னலில் பஸ், லாரி, ஆட்டோ எதுவுமே நகரவில்லை. பின் இருக்கையில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகச் சித்தி. சூடு காட்டும் முள் மெல்ல மெல்லச் சிவப்புப் பக்கம் ஏறியது.

அம்மா உதட்டைக் கடித்தார். சட்டென்று, அதுவரை யாரும் தொடாத ஒரு குமிழைத் திருகினார். குப்பென்று அனல் காற்று அடித்தது.

"ஐயோ, என்னக்கா இது?" என்று அலறினாள் சித்தி.

"ஹீட்டர். பிரான்ஸ் குளிருக்கு வெச்சது. இன்ஜின் சூட்ட நம்ம பக்கம் இழுத்துக்கும்."

"தாலி கட்றதுக்கு முன்னாடியே என்னை வேக வெச்சிடுவ போலிருக்கே! நல்லதா எதாவது ஊத்தியிருக்கக் கூடாதா?"

"நான்தான் வேணாம்னு சொன்னேன் சித்தி" என்றாள் அன்பு. கல்யாணப் பத்திரிகையால் சித்திக்கு வீசிக்கொண்டே, குட்டிகளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். சித்தியின் நெற்றியிலிருந்து வியர்வையோடு பவுடரும் வழிந்தது.

"எத்தனை குட்டி?"

"மூணு."

சித்தி பெருமூச்சு விட்டாள். "சரிக்கா. இன்னும் கொஞ்சம் திருப்பு."

அனல் இன்னும் பலமாக அடித்தது. முள் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. சிக்னலும் திறந்தது. வைத்திக்குப்பம் அருகே மண்டபத்தில் போய் இறங்கியதும், கடல் காற்றுக்கு முகத்தைக் காட்டியபடி சித்தி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அலங்காரம் செய்யும் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து கூலன்ட் வந்தது. அம்மா பழைய தண்ணீரை வடித்துவிட்டு அதை ஊற்றினார். "விஷம் குறைச்சல்தான். அதுக்காகச் சிந்தக் கூடாது" என்றார். கைதவறி விழுந்த இரண்டு சொட்டையும் அன்பு கழுவித் துடைத்தாள்.

குட்டிகள் பால் மறந்த பிறகு சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள்.

"எதுக்காக அன்னைக்கு நான் அப்படி வெந்தேன்? அதுல ஒண்ண எனக்குக் காட்டு" என்றாள் சித்தி.

அன்பு ஒரு குட்டியைத் தூக்கி வந்தாள். அது சித்தியின் மூக்கை நக்கியது. அதோடு முடிந்தது, சித்தி அதைக் கீழே விடவே இல்லை.

அன்று அம்மா அவர்களை நீலக் காரிலேயே கொண்டுபோய் விட்டார். குட்டி கடைசி முறையாக அன்புவின் மடியில் சுருண்டு தூங்கியது. சித்தி வீட்டு வாசல் வரும்வரை அது ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.