பொடக்காலிக் கதவு

1897ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலின் ஆட்கள் பட்டியலில் இப்படி ஒரு வரி இருக்கிறது: நல்லான், தகப்பன் பெயர் பொன்னன், வயது இருபது, சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா, கொடிக்கால்புதூர். அடையாளம், இடது புருவத்தில் தழும்பு. தாயின் பெயருக்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

இந்த வரியைப் படம் எடுத்து கப்பலேறிப் போனவர்களின் ஊரையும் உறவையும் தேடிக் கொடுக்கும் நாமக்கல் பாலசுந்தரத்துக்கு அனுப்பியவர் மேரி நல்லான். டர்பனில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். நல்லான் அவருடைய கொள்ளுத்தாத்தா. பேரன் பேத்திகளுக்கு அந்தப் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான். அந்த ஊரில் எங்கள் வீடு என்று ஏதாவது இருக்கிறதா?

வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் எல்லோரும் முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் தேடச் சொல்வார்கள். பாலசுந்தரம் அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவார். வீடு வீடாகப் போய் எழுதிய அந்தக் காலத்துத் தாள்கள் இங்கே இல்லை. கூட்டிப் பார்த்ததும் அழித்துவிட்டார்கள். ஊரில் எத்தனை பேர் என்பது கிடைக்கும், யார் யார் என்பது கிடைக்காது. அதற்குக் கப்பல் பட்டியலும், போய்ச் சேர்ந்த ஊரின் மாதா கோயில் பதிவேடுகளும்தான் கதி.

இந்த வேலையை அவர் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அவருடைய ஒரே மகன் வளவன், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடச் சத்தீஸ்கர் போனவன், 2017இல் ஒரு மாலை நெடுஞ்சாலை ஓரத்து தாபாவில் இறங்கினான். வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நாமக்கல்லில் அவன் அம்மா உஷாராணியின் செல்பேசி அடித்தது. அவள் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நின்றுவிட்டது. அவ்வளவுதான். அதன்பிறகு பாலசுந்தரம் ஆஸ்பத்திரிகளிலும் பிணவறைகளிலும் ரயில்வே போலீஸ் நிலையங்களிலும் ஆசிரமங்களிலும் பதிவேடுகளைப் புரட்டினார். ஆள் தேடும் கண் அப்படி வந்தது. மகன் கிடைக்கவில்லை. மற்றவர்களின் பாட்டன் பூட்டன்கள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்றிலிருந்து உஷாராணி சமையலறைப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. வளவன் எப்போதும் வண்டியை நிறுத்திவிட்டு அந்த வழியாகத்தான் வருவான்.

மேரியின் கேள்வி வந்த வருடம் ஆடி பிறந்ததும் பாலசுந்தரத்தின் அண்ணன் நவநீதகிருஷ்ணன் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏழு வருசம் போனா கோர்ட்டே ஒத்துக்குது. நீ ஒத்துக்க மாட்டயா? ஆடி அமாவாசைக்கு பரமத்தி வேலூர் ஆத்துல ஒரு கருமாதியப் பண்ணி உட்ரு. அவனுக்கும் ஒரு வழி உட்ட மாதிரி இருக்கும்."

உஷாராணி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "தாராளமாப் பண்ணுங்க மாமா. எள்ளு வாங்கறப்ப எனக்கும் சேத்தி வாங்கீருங்க."

அண்ணன் பாலசுந்தரத்தைப் பார்த்தார். "அமாவாசைக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லு. அய்யருகிட்டச் சொல்லோணும்."

அந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் பாலசுந்தரம் நல்லானின் ஊரைத் தேடிப் பரமத்தி வேலூர் பஸ் ஏறினார்.

கொடிக்கால்புதூர் காவிரிக் கரையில் இருக்கிறது. அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி ஏற்றிய தோட்டங்கள், அதைத் தாண்டிக் கரும்பு, அதைத் தாண்டி ஆறு. விசாரித்துக்கொண்டே போனதில், பாட்டனுக்குத் தகப்பன் பொன்னன் என்று சொல்லும் ஒரே குடும்பம் கைலாசத்தின் குடும்பம் என்று தெரிந்தது. கைலாசம் வெற்றிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"கப்பலுக்குப் போனவனா? எங்க ஊட்டு ஆளுதானுங்க. எங்க பாட்டனோட அண்ணன். ஏனுங்க, அப்ப அந்த டர்பன்காரம்மா எங்களுக்குப் பங்காளியா? காட்டுல பாகங் கேட்டு வந்துருவாங்களா?"

"வந்தாங்கன்னா பாதிக் கொடிக்காலுக்குத் தண்ணி கட்டச் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி பாவாயி. "நம்ம மகன்தான் மண்ணுல கால வெக்க மாட்டேங்கறான். உள்ள வாங்க சாமி, ஒறம்பரைய வெளிய நிக்க வெச்சுப் பேசிட்டு இருக்காரு."

வீட்டின் முன்பகுதி புதுக் காங்கிரீட். பின்பகுதி பழைய மண்சுவர். கடைசி அறையிலிருந்து பொடக்காலிக்கு, அதாவது குளிக்கும் இடமும் மாட்டுக் கொட்டகையும் இருக்கும் புறத்துக்கு, ஒரு கதவு. குள்ளமான, கனமான பழைய மரக்கதவு. அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று தாழ்ப்பாள்கள் இருந்தன.

"மரத் தாப்பாள் எங்க பாட்டன் போட்டது" என்றார் கைலாசம். "இரும்பு எங்கய்யன் போட்டது. ஸ்டீலு நான் வாங்கியாந்தது. மூணும் நிக்காதுங்க. ராத்திரி போட்டுட்டுப் படுத்தா விடியால தொறந்து கெடக்கும்."

"திருடு கிருடு போனதில்லையா?"

"ஒரு சொம்பு போனதில்லீங்க" என்றாள் பாவாயி. "ஆளு உக்காந்துட்டு இருக்கற ஊட்டுல எவன் வருவான்?"

அவள் அதை, மாடு கன்று போட்டதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"கப்பலுக்குப் போனவனோட ஆத்தாளுங்க. மகன் வர்ற வரைக்கும் பொடக்காலியச் சாத்தப்படாதுன்னு சொல்லிட்டேதான் செத்துச்சாம். அவனுக்குக் கருமாதியும் பண்ண உடலியாம். பாவம், அது ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாதுங்க."

"அந்த அம்மா பேரு?"

பாவாயி கணவனைப் பார்த்தாள். கைலாசம் தலையைச் சொறிந்தார். "ஆத்தான்னுதான் சொல்லுவாங்க. பேரு தெரியலீங்களே."

பொழுது சாயும் நேரத்தில் ஆடிக் காற்று பலமாகக் கிளம்பியது. தோட்டத்தில் அகத்தி சாய்கிறது என்று யாரோ வேலிக்கு அப்பால் கூவ, கைலாசம் ஓடினார். பாவாயி மாட்டைப் பிடித்துக் கட்டப் போனாள். மின்சாரம் நின்றது.

பாலசுந்தரம் கடைசி அறையில் தனியாக நின்றார். மேரிக்கு அனுப்புவதற்காகக் கதவைப் படம் எடுக்க நினைத்திருந்தார். மூன்று தாழ்ப்பாள்களையும் தாமே தள்ளிப் போட்டார். ஸ்டீல் தாழ்ப்பாள் 'டக்' என்று குழியில் விழுந்தது. இரண்டடி பின்னால் வந்து செல்பேசியை உயர்த்தினார்.

விளக்கெண்ணெய் வாசம் வந்தது.

தலைமுடியில் நெடுநாள் ஊறிய எண்ணெயின் வாசம். அதோடு, நனைந்து காயாத பழந்துணியின் வாடை. வெளியே காற்று ஓலமிட்டது. அறைக்குள் மட்டும் எதுவும் அசையவில்லை.

பிறகு ஸ்டீல் தாழ்ப்பாள் நகர்ந்தது.

மெதுவாக நகர்ந்தது. பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்று நினைக்கும் ஒருவர் நகர்த்துவது போல. அடுத்து இரும்பு. அடுத்து மரம்.

கதவு உள்பக்கமாகத் திறந்தது.

"வந்துட்டயா சாமி?"

பாவாயிதான் கேட்கிறாள் என்று நினைத்தார். ஆனால் பாவாயி வெகு தூரத்தில், காற்றுக்கு நடுவே, மாட்டை அதட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் குரல் அவருடைய முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. நிலைப்படியை ஒட்டி யாரோ குந்தியிருக்கும் உயரம்.

"வந்துட்டயா?"

ஓடியிருப்பார். ஆனால் அந்தக் கேள்வியின் குரல் அவருக்குப் பழகியது. வடக்கே தேடிவிட்டு வெறுங்கையோடு அவர் திரும்பிய ஒவ்வொரு முறையும் உஷாராணி இந்தத் தொனியில்தான் கேட்டாள். பதில் சொல்லாமல் எப்போதும் அவர் குளிக்கப் போய்விடுவார்.

இந்த முறை அவர் கையில் பதில் இருந்தது.

செல்பேசியில் மேரி அனுப்பிய இன்னொரு படத்தைத் திறந்தார். நேட்டால் கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோயில் அடக்கப் பதிவேடு. வரியை உரக்க வாசித்தார்.

"நல்லான். தகப்பன் பொன்னன். ஊர் கொடிக்கால்புதூர்."

விளக்கெண்ணெய் வாசம் நெருங்கி வந்தது.

"அவன் இனி வரமாட்டானுங்க ஆத்தா. போய் ஆறாம் வருசம் காய்ச்சல்ல போய்ட்டான். கரும்புத் தோட்டத்துல வேல. சாவறப்ப ஞானஸ்நானம் குடுத்து சூசைன்னு பேரு வெச்சு, மாதா கோயில் பக்கத்துல பொதச்சிருக்காங்க. ஒரு பையன் இருந்தான். அவன் வம்சம் நல்லா இருக்குது. அவங்கதான் உங்களத் தேடறாங்க."

வெளியே காற்று சட்டென்று நின்றது.

யாரோ தரையில் சரிந்து உட்காரும் ஓசை. வயதான எலும்புகளின் ஓசை. பிறகு அழுகை. உரத்த அழுகை அல்ல. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் அழுகிறவளின் அழுகை. நூறு வருடத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்தது.

பாலசுந்தரமும் அழுதார்.

அப்போது பொடக்காலியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஈரமான வெறுங்கால்கள். ஆற்றுப் பக்கமிருந்து, அவசரமில்லாமல், வழி தெரிந்த ஒருவனின் நடை. கரும்புத் தோகை எரிந்த வாடை முதலில் உள்ளே வந்தது. காலடி நிலைப்படியில் நின்றது. தாண்டியது.

கதவு சாத்திக்கொண்டது.

மரம். இரும்பு. ஸ்டீல். மூன்று தாழ்ப்பாள்களும் அவர் கண் முன்னால், கை இல்லாமல், உள்பக்கம் விழுந்தன.

இருட்டில், மிக அருகில், அந்தக் குரல் கடைசியாக ஒன்று சொன்னது.

"எளைச்சுப் போய்ட்டயே சாமி."

மறுநாள் காலையில் பாவாயி சாணி அள்ளப் போகக் கதவை இழுத்தாள். வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாள்களை விடியற்காலையில் அவள் திறந்ததே இல்லை. எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள், "வந்துட்டானாட்ட இருக்குது."

நாமக்கல் திரும்பிய பாலசுந்தரம் நடந்ததை உஷாராணியிடம் சொன்னார். கடைசி வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அதை வாயில் கொண்டுவர அவரால் முடியவில்லை.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பின்கதவைத் தொட்டுப் பார்த்தாள். தாழில்லாமல் ஒருக்களித்துக் கிடந்தது.

"ஏனுங்க, செத்தவன் வந்தாத்தான கதவு உள்ள தாப்பாள் உழுகுது?"

"அப்பிடித்தான் தெரியுது."

"அப்ப நம்ம கதவு தொறந்தேதான இருக்குது." அவள் முகம் மலர்ந்தது. அவர் அந்த முகத்தைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "அவன் உசுரோட இருக்கானுங்க. எங்கியோ இருக்கான்."

அன்று மாலை அவர் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, கருமாதி வேண்டாம் என்றார்.

"அவதான் பைத்தியக்காரின்னா நீயுமாடா?" என்றார் அண்ணன். பாலசுந்தரம் வைத்துவிட்டார்.

ஆடி அமாவாசை போனது. ஆவணி போனது. உஷாராணி காலையில் எழுந்ததும் முதலில் பின்கதவைப் பார்ப்பாள். திறந்திருக்கும். பால் காய்ச்சும்போது அவள் முணுமுணுக்கும் பழைய பாட்டு அவருக்குப் படுக்கையில் கேட்கும். வளவனின் அறையை வெள்ளையடித்தார்கள். தீபாவளிக்கு அவனுக்கு ஒரு சட்டை எடுக்க வேண்டும் என்றாள். இப்போது எந்த அளவு போதும் என்று இருவரும் வாக்குவாதம் செய்தார்கள். அவனுக்கு இருபத்தெட்டு ஆகியிருக்கும், தோள் அகன்றிருக்கும் என்றாள் அவள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாட்டுக் கேட்கவில்லை.

பாலசுந்தரம் எழுந்து போனார். உஷாராணி பின்கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது.

"நீ போட்டயா?"

அவள் தலையசைத்தாள், இல்லை என்று. "நீங்க?"

"இல்ல."

சமையலறையில் டீசல் வாடை லேசாக அடித்தது. அவள் கதவைப் பார்த்துக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எளைச்சுப் போய்ட்டானுங்க."

அன்று முற்பகல் சத்தீஸ்கரிலிருந்து ஒரு போலீஸ் நிலையத்தின் அழைப்பு வந்தது. நெடுஞ்சாலை ஓரக் குளம் ஒன்றைத் தூர்வாரும்போது எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கூடவே ஓர் ஓட்டுநர் உரிமம். முந்தைய நாள் மாலை அட்டையைக் கழுவி, குளக்கரையில் நின்று, அதில் இருந்த எழுத்துகளை ஒரு காவலர் உரக்க வாசிக்க, இன்னொருவர் எழுதிக்கொண்டாராம். வளவன். தகப்பன் பாலசுந்தரம். ஊர் நாமக்கல்.

டிஎன்ஏ அறிக்கை தை மாதம் வந்தது. மாசி அமாவாசையன்று பரமத்தி வேலூரில் காவிரிக் கரையில் காரியம் செய்தார்கள். நவநீதகிருஷ்ணன் கூட இருந்தார்.

இப்போதும் இரவில் அந்தப் பின்கதவுக்கு இருவரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. தினமும் காலையில் உள்ளே போட்டிருக்கிறது.