வாக்கத்தியின் முதுகு

முருங்கையில் மாட்டியிருந்த வாக்கத்தி இன்று வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நேற்று அதன் வளைந்த மூக்கு கடலைப் பார்க்கும்படி ஹாஜறாதான் மாட்டியிருந்தாள். ஆட்டுக்குக் குழை வெட்ட, நீண்ட பிடி போட்டு அவள் புருஷன் மீராமுகைதீன் வைத்திருந்த கத்தி. வயலுக்குப் போனவர் திரும்பவில்லை. வரம்பில் கிடந்ததென்று பக்கத்து வயல்காரர் வேலப்போடி கத்தியை மட்டும் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து அந்தியில் மஃரிப் பாங்கு ஓய்ந்து, கடற்காற்றில் கருவாட்டு வாசம் ஏறிவரும் வேளையில், பின்வளவில் யாரோ இரும்பை நிதானமாகக் கல்லில் தீட்டும் ஓசை கேட்டது. ஆடுகள் கத்த மறந்து சுவரோடு ஒட்டி நின்றன.

"கிணத்துக்க போடுங்க றாத்தா," என்றாள் வேலிக்கு அப்பால் றம்ஸியா. "அடுத்த தெருவுல ஆமிக்காரனுகள் வீடு வீடாத் தேடுறானுகளாம். வாளெண்டு சொல்லி உங்கட மகன் ஜவுபரக் கொண்டு போயிருவானுகள்."

"ஏன் போடணும்? வாளுக்கு வெளிவளைவுல கூர். இதுக்கு உள்வளைவுல. இழுத்து வெட்டுற சாமான்."

"அவனுக்குக் குழை வெட்டிக் காட்டப் போறீங்களாக்கும்."

"ஓம். ஆட்டையும் கையில குடுப்பன், குழையத் தீத்தட்டும்."

ஜீப் வாசலில் நின்றது. சீருடைக்காரன் ஒருவன் ஜவுபரின் சட்டையைப் பிடித்தான். மரத்தில் இருந்த கத்தியைக் காட்டிச் சிங்களமும் தமிழுமாகக் கேட்டான்.

"கடுவ? வாள்தானே?"

ஹாஜறா கத்தியை எடுத்தாள். கிளையில் கொழுவி இழுத்தாள். குழை விழுந்தது.

"உள்ளுக்குத்தான் வெட்டும். முதுகு மொட்டை. பாருங்க." முதுகை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள்.

சில்லென்றது.

நேற்று விரல் ஓட்டிய மொட்டை முதுகு. இன்று கூர். எலும்பு வரைக்கும்.

சீருடைக்காரனின் கண்ணையே பார்த்தாள். இன்னும் இறுக்கினாள்.

"கண்டீங்களா? ஒண்டுமில்ல."

அவன் தரையைப் பார்த்தான். மணலில் ஒரு துளி இல்லை. சட்டையை விட்டான். ஜீப் போனது.

"உம்மா, கையை எடுங்க."

துளி ஏன் விழவில்லை?

உள்ளங்கைக்குள் ஏதோ விழுங்கியது. மெல்ல. குட்டி ஆடு பால் குடிப்பதுபோல.

விரல்களை விரித்தாள். எல்லாம் விரிந்தன. கத்தி விழவில்லை. அதன் மூக்கு திரும்பியது. ஜவுபரின் பக்கம்.

"அங்க இல்ல," என்றாள் ஹாஜறா. மறுகையால் பிடியைப் பற்றி, உள்வளைவைத் தன் கழுத்துக்கு நேரே திருப்பினாள். "என்னப் பாரு."

கத்தி இழுக்கத் தொடங்கியது.